நீலத்தின் கைக்குட்டை

நீலம் அசையவில்லை!

மல்யுத்த விரிப்பின் நடுவில், நீல உடையோடு மல்லாந்து கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது.

ஆட்டம் முடிந்த மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. நாலுக்கு நாலு. சமமாக முடிந்தால் கடைசிப் புள்ளி எடுத்தவனுக்கே கோப்பை. எடுத்தவன் சிவப்பு உடைக்காரன்.

நடுவர் அவன் பக்கத்தில் குனிந்தார். இருபது வருட விசிலில் அவர் பார்க்காத மயக்கமா? பாதிப் பேர் நடிப்பார்கள். காதோரம் "தோத்துட்டே" என்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். சொல்லிப் பார்த்தார்.

நீலம் எழவில்லை.

"கழுத்தை நெரிச்சுட்டான்..." நீலத்தின் கோச் விரிப்புக்குள் பாய்ந்தார். "அவனைப் பிடிங்க மேடம்!"

மேடம் என்றது முன்வரிசை இன்ஸ்பெக்டரை. பரிசு கொடுக்க வந்தவர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லை, மயக்கத்துக்குக் காரணம்தான் புரியவில்லை என்றார் ஓடிவந்து சோதித்த டாக்டர்.

இன்ஸ்பெக்டர் நடுவரிடம் திரும்பினார். "நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. அந்தப் பிடி சரியா, தப்பா?"

எதிராளியின் தலையோடு அவன் கை ஒன்றையும் சேர்த்துப் பிடித்தால் சரி. தலையை மட்டும் பிடித்தால் தவறு. சரியென்றால் சிவப்புக்குக் கோப்பை. தவறென்றால் சிவப்புக்கு ஜீப்!

"சரியான பிடி. கை உள்ளே இருந்தது. பார்த்தேன்."

கோச் சிரித்தார். "பார்ப்பாரு மேடம். இவர் பொண்ணைக் கட்டிக்கப் போறவனே அவன்தான்."

அரங்கமே திரும்பியது.

விஷயம் உண்மை. ஊருக்கெல்லாம் முன்பே தெரிந்ததை அப்பாவிடம் மகள் உடைத்தது இன்று காலைதான். மல்யுத்தத்தில் காது நசுங்கினவனுக்கெல்லாம் பெண் கிடையாது என்று கத்திவிட்டு வந்திருந்தார். தனக்குப் பதில் வேறு நடுவரைப் போடச் சொல்லிக் கேட்டும் பார்த்தார். ஆள் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

வீடியோவைப் போட்டார்கள். கடைசி நொடிகளில் கோச்சின் முதுகுதான் தெரிந்தது. மனிதர் ஆவேசத்தில் எழுந்து நின்று கேமராவையும் பக்க நடுவரையும் சேர்த்து மறைத்திருந்தார்.

இருபது வருடம் சேர்த்த பெயர் ஒரே நிமிடத்தில் காற்றில் பறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார் நடுவர். அழுகை வரும்போல இருந்தது.

சிவப்பு இது எதையும் கவனிக்கவில்லை. நீலத்தின் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தான்.

"சார்... நான் பிடிக்கும்போதே இவன் தளர்ந்துதான் இருந்தான். மூக்குல ரத்தம்னு மூலைக்குப் போயிட்டு வந்தானே, அதுக்கப்புறம்தான்."

நடுவருக்குப் பொறி தட்டியது!

வீரன் ஒவ்வொருவனும் உடைக்குள் கைக்குட்டை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீலத்தினுடையது ரத்தத்தில் நனைந்துவிட, அப்போது கோச் தன் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். மூக்கில் வைத்து நன்றாக அழுத்தினார். பிறகு அதையே நெஞ்சுக்குள் செருகி அனுப்பினார்.

நடுவர் குனிந்து அதை உருவினார். லேசாக ஒரு நெடி... தலை சுற்றியது.

"உங்களுக்கு ரொம்ப வேர்க்குது கோச். துடைச்சுக்கங்க."

"வேணாம் சார்."

"உங்க கைக்குட்டைதானே... சும்மா துடைங்க."

கோச் இரண்டடி பின்வாங்கினார். மூன்றாவது அடிக்கு இடமில்லை. இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

அப்புறம் கைக்குட்டையில் மயக்க மருந்து தெளித்தது முதல் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். நேர்வழியில் நீலம் ஜெயிக்கமாட்டான். சிவப்பின் பேர்போன கழுத்துப்பிடியில் நீலம் மயங்கினால் பழி சிவப்பின் தலையில் விழும். வீடியோவை மறைத்துவிட்டால் நடுவரின் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி. அவர் சிவப்பின் பக்கம் பேசினால் மாப்பிள்ளை கதையை எடுத்துவிடலாம். அழகான திட்டம்தான்.

"அப்ப சிவப்புக்குத்தானே கோப்பை? கையைத் தூக்குங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

நடுவர் தூக்கப் போனார். சிவப்பு கையை இழுத்துக்கொண்டான்.

"கடைசி நொடியில அவன் கை நழுவிடுச்சு சார். நான் தலையை மட்டும்தான் பிடிச்சிருந்தேன். நீங்க நின்ன பக்கத்துல இருந்து தெரிஞ்சிருக்காது."

"மணிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

நடுவர் அவனையே பார்த்தார். அந்த நசுங்கிய காதுகளையும் பார்த்தார்.

தவறான பிடிக்கு எதிராளிக்கு ஒரு புள்ளி. ஐந்துக்கு நாலு!

மெல்லக் கண் விழித்த நீலத்தின் கையைத் தூக்கினார். யார் ஜெயித்தது என்று நீலம் அவரிடமே கேட்டான்.

விலங்கோடு நின்ற கோச்சுக்கு வாய் குழறியது. "அப்ப... நான் மறைக்காம உக்காந்திருந்தா..."

"வீடியோவே ஜெயிக்க வெச்சிருக்கும். நடங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

நடுவரின் போன் அடித்தது. மகள்.

"என்னப்பா ஆச்சு? அவர் ஜெயிச்சாரா?"

"தோத்துட்டாரும்மா. நான்தான் தோக்கடிச்சேன்."

"அப்ப... எங்க கல்யாணம்?"

"அந்தக் காதுக்கு ரெண்டு புள்ளி குறைச்சும் பார்த்துட்டேன். அப்பவும் மாப்பிள்ளைதான் ஜெயிக்கிறாரு!"