கணினிக்குள் ஜெயாவின் கடல்

சனிக்கிழமை வந்தால் சித்தி ஹாஜராவுக்குக் கால் தரையில் பாவாது. சூலியா தெருவில் இருந்த வீட்டிலிருந்து பள்ளிக் கணினி அறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்துவிடுவாள்.

அங்கே நோர்மா டீச்சர் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். அது மாணவர்களின் பெயர்களைப் படித்து, கணினிக்குள் ஆளுக்கோர் அறையைத் தானாகவே கட்டிக் கொடுக்கும். கதவில் முழுப் பெயர் இருக்கும். சுவர் பிடித்த நிறத்தில் இருக்கும். உள்ளே வரைந்த படம் அடுத்த வாரமும் அப்படியே காத்திருக்கும். ஹாஜராவின் அறையில் சிறகு முளைத்த மீன்கள் மாலை வானத்தில் நீந்தின.

அவளுடைய உயிர்த்தோழி ஜெயலெட்சுமிக்கோ அறை வரவே இல்லை. பழனியப்பனுக்கும் அதே கதிதான். அவன், விளையாடக் கணினி கிடைத்தால் போதும் என்று இருந்துவிட்டான். ஜெயாவால் அப்படி இருக்க முடியவில்லை. வாரந்தோறும் வெறும் திரையிலேயே ஒரு நீலக் கடல் வரைவாள். கணினியை அணைத்ததும் கடல் காணாமல் போய்விடும்.

டீச்சர் வேறு கணினியில் உட்காரவைத்துப் பார்த்தார். பயனில்லை. ‘ஜெயலெட்சுமி’ என்று மட்டும் போடலாமா என்று கேட்டார். ஜெயா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“அப்பா பேர எடுத்துட்டா அது என் அறையே இல்லலா,” என்று ஹாஜராவிடம் மெல்லச் சொன்னாள். “அடுத்த வாரம் நான் வரல ஹாஜி.”

ஹாஜராவுக்கு ஜெயா வராத சனிக்கிழமை உப்பில்லாத சோறுதான். வெளியே மழை கொட்டியது. ஜன்னலில் வழிந்த நீரைப் பார்த்தபடியே அவள் யோசித்தாள்.

அவள் பெயர் ‘சித்தி ஹாஜரா பிந்தி சீனி முகம்மது’. தோழியின் பெயர் ‘ஜெயலெட்சுமி ஏ/பி பிச்சைமுத்து’. ‘பிந்தி’ என்றாலும் மகள்தான், ‘ஏ/பி’ என்றாலும் மகள்தான். பழனியப்பன் பெயரில் மகனுக்கு உரிய ‘ஏ/எல்’ இருந்தது. அட, அறை வராத இருவர் பெயரிலும் ஒரு சாய்ந்த கோடு.

டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, தன் பெயரில் ‘பிந்தி’யை எடுத்துவிட்டு ‘ஏ/பி’ போட்டாள். நிரலை ஓடவிட்டாள். அவள் அறையைக் காணோம். பயந்துபோய்ப் பழையபடி மாற்றினாள். மீன்கள் திரும்பி வந்தன.

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கணினிக்குச் சாய்ந்த கோடு, ஓர் அறைக்குள் இன்னோர் அறை என்று பிரித்துக் காட்டும் குறியாம். அந்தக் கோடு இருந்தால் அதை ஒரே பெயராக எடுத்துக்கொள்ளாதாம். எல்லார் பெயரிலும் கோட்டை அழித்துவிடுவோம் என்றார் டீச்சர்.

ஹாஜரா விடவில்லை. வீட்டில் தன்னை ஹாஜி என்கிறார்கள், பள்ளியில் முழுப் பெயர் சொல்கிறார்கள், இரண்டும் தான்தானே என்று டீச்சரிடம் மலாயில் கேட்டாள். அதுபோல அறை கட்டும்போது மட்டும் சாய்ந்த கோட்டுக்குப் பதில் படுத்த கோடு போட்டுக்கொள்ளட்டும், கதவில் முழுப் பெயர் அப்படியே இருக்கட்டும் என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டே நிரலில் சில வரிகளைச் சேர்த்தார்.

திரையில் நீலச் சுவர் எழுந்தது. கதவில் ‘ஜெயலெட்சுமி ஏ/பி பிச்சைமுத்து’. ஜெயா அதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கடலை வரைந்து முடித்தாள். அணைக்கத்தான் கை வரவில்லை.

“நான் இருக்கேன்லா, அணை,” என்றாள் ஹாஜரா.

ஜெயா அணைத்தாள். மறுபடி போட்டாள். கடல் அங்கேயே இருந்தது. நம்ப முடியாமல் அணைத்தாள், போட்டாள், மீண்டும் அணைத்தாள். கணினி பாவம் என்று டீச்சர் சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.