8080-இல் உட்கார்ந்தவன்

"ஐயோ... மறுபடியும் செத்துடுச்சு!"

தூலிக்கியின் அலறலில் அந்தத் தாம்பெரே ஆபீஸே காபிக் கோப்பையைக் கீழே வைத்தது. காபியே உயிரான ஃபின்லாந்தில் இது லேசான விஷயமில்லை!

செத்தது அவள் எழுதிய சர்வர் புரோகிராம்.

திரையில் அதே மரண வாக்குமூலம்... 'போர்ட் 8080-இல் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.'

போர்ட் என்றால் கதவு. ஒரு கதவில் ஒரு புரோகிராம்தான் உட்கார முடியும். யாரோ உட்கார்ந்துவிட்டான்.

யார்?

முதலாளி ராய்மோ, ஆபீஸின் சானா என்கிற நீராவிக் குளியலறைக்குக் கிளம்பும் கோலத்தில், தோளில் துண்டோடு வந்தார்.

"இந்தாம்மா, வாடிக்கையாளர்களை சானாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். வேர்த்து முடிச்சு வந்ததும் இது ஓடணும். ஓடலையா... நாளைக்கு நீ வராதே!"

"ராய்மோ, கதவை யாரோ புடிச்சு வெச்சிருக்கான்!"

"சும்மா கதை விடாதே!" என்றான் யார்க்கோ. பாதுகாப்பு நிபுணன். பெரிய தாடி, பெரிய படிப்பு. இந்த மாதிரி ஆட்களை நம்பிக் கோழியைக்கூட ஒப்படைக்கக் கூடாது. "நான் எழுதின காவல்காரன் புரோகிராம் சொல்லுது... 8080 காலி!"

"காலின்னா என் சர்வர் ஏன் சாகுது?"

"உனக்கு எழுதத் தெரியல!"

"சண்டையை நிறுத்துங்க!" ராய்மோ உறுமினார். "யார்க்கோ, நீ போய் சானா காலியான்னு பாரு!"

அவன் போனான்.

தூலிக்கி இயந்திரத்தையே கேட்டாள். 8080-இல் யார்?

பதில் வந்தது.

காவல்காரன்!

அந்தப் புரோகிராமின் குடலை உருவிப் பார்த்தாள். கதவு காலியா என்று பார்க்க உள்ளே போகிறான். உட்கார்ந்து பார்க்கிறான். 'காலி!' என்று கத்துகிறான்.

எழுந்திருப்பதே இல்லை!

ஒரே தட்டு... காவல்காரன் காலி.

இனி எட்டிப் பார்க்கிற வேலையே வேண்டாம். சர்வருக்குக் கதவு எண் பூஜ்யம் என்று கொடுத்தாள். 'எந்தக் கதவு காலியோ, நீயே கொடு' என்று இயந்திரத்திடம் கேட்பதாக அர்த்தம். கொடுத்தது, 49731. கொடுத்த கையோடு சர்வர் உட்கார்ந்துகொண்டது.

ஓடியது!

"தூலிக்கி!" ராய்மோ கத்திக்கொண்டு வந்தார். பின்னால் துண்டோடு நடுங்கும் வாடிக்கையாளர்கள். "சர்வர் கிடக்கட்டும், சானா உள்பக்கம் பூட்டியிருக்கு! எவனோ இருக்கான்!"

எல்லோரும் ஓடினார்கள். ராய்மோ கதவை இடித்தார்.

"யாருய்யா உள்ளே?"

உள்ளிருந்து சூடான கல்லில் தண்ணீர் சீறும் சத்தம்... பிறகு யார்க்கோவின் குரல்.

"காலிதான் ராய்மோ! நல்லா பாத்துட்டேன்... என்னைத் தவிர ஒருத்தரும் இல்ல!"

தூலிக்கி சிரித்தாள்.

"காவல்காரன் அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கான்!"