ஆள் வருது

ஓசூரில் ஏறும்போது போட்டிருந்த ஸ்வெட்டரைச் சென்னைக்குள் நுழைந்ததுமே ஜோதிமணி கழற்றிவிட்டாள். கம்பெனி சுற்றுலாப் பேருந்து கோட்டைக்கு எதிரே நின்றபோது வெயில் கண்ணைத் திறக்கவிடவில்லை. அவளுடைய ஆறு வயது மகள் சக்திக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "கடல் எப்பம்மா?" என்று காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

கோட்டைக்குள் பழைய பீரங்கிகளையும் வாள்களையும் பார்த்துவிட்டு ஜோதிமணிதான் முதலில் வண்டிக்குத் திரும்பினாள். சக்தியை மடியில் இருத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் துப்பட்டாவைப் போட்டாள். அவளோடு அதே லைனில் வேலை செய்யும் பிரவீனா வந்து, "நான் உக்காரட்டாக்கா?" என்றாள்.

"ஆள் வருது."

சொன்ன பிறகுதான் யாருக்காகச் சொன்னோம் என்று ஜோதிமணிக்கு உறைத்தது.

ஷிப்டு பஸ்ஸில் வருடக்கணக்காக அவள் துப்பட்டா போட்டு இடம் பிடித்தது வெங்கடம்மாளுக்கு. பாகலூர் நிறுத்தத்தில் ஏறுகிறவள். கம்பெனி பஸ்ஸில் அந்த இரண்டு சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. எத்தனை பேர் நின்றாலும் அந்த இடம் வருகிறவளுடையது. ஆனால் வெங்கடம்மாள் போன மாதம் யூனிபார்மோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அதே நிறுத்தத்தில் லாரி மோதிச் செத்துப்போனாள்.

பிரவீனா பின்னால் போய்விட்டாள். கூப்பிட்டு உட்காரச் சொல்லலாமா? சொன்னால் பைத்தியம் என்று நினைப்பாளோ? ஜோதிமணி யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது.

ஜன்னல் வழியே அனல் அடித்தது. மறுபக்கத் தோள் மட்டும் மார்கழி விடியலில் நிற்பதுபோல் குளிர்ந்தது. ஈர மண்ணும் டீசலும் கலந்த ஒரு வாடை. சக்தி எட்டி, கையிலிருந்த வேர்க்கடலையைக் காலி இருக்கைப் பக்கம் நீட்டினாள்.

"யாருக்குடி?"

"இந்த அத்தைக்கு."

துப்பட்டாவின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

மெரினாவில் இறங்கியதிலிருந்து ஜோதிமணி மகளின் கையை விடவேயில்லை. மணல் கொதித்தது. பாதி வழியில் செருப்பு வார் அறுந்துபோக, குனிந்து பார்க்க ஒரு கணம் கையை விட்டாள்.

நிமிர்ந்தபோது சக்தி இல்லை.

"மஞ்சக் கவுனு போட்ட புள்ளைங்க! பாத்தீங்களா?" சுண்டல்காரர்களிடம் கேட்டாள், பலூன் சுடுகிறவர்களிடம் கேட்டாள், குதிரைக்காரனின் காலைப் பிடித்துக் கேட்டாள். அலையில் மஞ்சளாக எது மிதந்தாலும் சுடிதாரோடு இறங்கிப் பார்த்தாள். உச்சி வெயிலில் கண் இருண்டது. கத்திக் கத்திக் குரல் செத்துவிட்டது. கடைசியில் தள்ளாடிக்கொண்டே வண்டியிடம் வந்தாள்.

சூப்பர்வைசர் பூபதி படியில் நின்றிருந்தார். "ஏம்மா, உன்னால எல்லாரும் வெயில்ல வேகறாங்க. ஏறு."

"சார், எம்புள்ளையக் காணோம் சார்!"

"நல்ல கதையா இருக்குதே. அது அப்பவே ஏறிடுச்சு. யூனிபார்ம் போட்ட நம்மாளு ஒருத்தங்கதான் கூட்டியாந்தாங்க."

சுற்றுலாவுக்கு யாருமே யூனிபார்ம் போட்டு வரவில்லை.

சக்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜோதிமணி பாய்ந்து அணைத்துக்கொண்டாள். வேர்த்து, சூடாக, உயிரோடு இருந்தாள். "அத்தை இங்கயே உக்காரச் சொன்னாங்கம்மா."

ஜோதிமணி பக்கத்து இருக்கையின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

மேலே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் அது அழுந்திக் கிடந்தது.

"ஆள் வரல!" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி அலறினாள். "இங்க ஆள் யாரும் வரல! யாராச்சும் உக்காருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

யாரும் அசையவில்லை. பிரவீனாதான் மனசு கேட்காமல் எழுந்து வந்தாள். "இரு, அக்கா, நான் உக்காரறேன்." பாதி உட்கார்ந்தவள் சுட்டதுபோல் எழுந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா…" கிசுகிசுத்தாள். "ஆள் இருக்குதுக்கா."

வண்டிக்குள் கூச்சல் எழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு முண்டினார்கள். அந்த நெரிசலில் ஜோதிமணி ஜன்னல் பக்கம் கையை நீட்டி, கிடைத்த சின்னக் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு கீழே குதித்தாள். பூபதி கூப்பிடக் கூப்பிட ஓடினாள். சாலையைக் கடந்து, வண்டி கண்ணில் படாத ஒரு மதில் ஓரம் வந்தபிறகுதான் நின்றாள். மூச்சு வாங்கியது. ஆனாலும் பிள்ளை கையில் இருக்கிறது. அது போதும்.

செல்போன் அடித்தது. பிரவீனா.

"அக்கா, எங்கக்கா ஓடுன? பாப்பா இங்க சீட்லயே உக்காந்து அழுவுது. சீக்கிரம் வாக்கா."

பின்னால் சக்தியின் குரல் தெளிவாகக் கேட்டது. "ம்மா! ம்மா!"

ஜோதிமணி கீழே குனிந்து பார்க்கவில்லை. பிடித்திருந்த கை ஜில்லென்றிருந்தது. ஈர மண்ணும் டீசலும் கலந்த அதே வாடை அடித்தது. உதறினாள். விரல்கள் விடவில்லை.

அந்தக் கை அவளைப் பேருந்து நின்ற பக்கமாக மெல்ல இழுத்தது.