கரைவிளக்கில் பசித்தவள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் லிட்டில் இந்தியாவில் தனிமை என்ற ஒன்று கிடையாது. துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்திறங்கிய தம்பிமார் சிராங்கூன் சாலையின் இரு பக்கமும் நிறைந்திருந்தார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. பூக்கடைக் கூரையடியில் ஒதுங்கி நின்ற பிரேம் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னும் விளையாடவே இல்ல, அதுக்குள்ள ரிசல்ட் சொல்லிட்டியா?" என்று மறுமுனையில் கேட்டான் ஜெய். இருவரும் சேர்ந்துதான் பழைய வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் ஒலிபரப்பு நடத்துகிறார்கள். பேசுவது பிரேம். ஒட்டி வெட்டிச் சீர்செய்வது ஜெய்.

"கரைவிளக்கு ஒரு ஓவர்ரேட்டட் கேம். அவ்வளவுதான்டா."

"பாத்துடா. அதோட ரசிகருங்க உன்ன உயிரோட விடமாட்டாங்க லா."

ஜெய் சொன்னதும் பொய்யில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் உள்ளூர் இளைஞர்கள் சிலர் கையடக்கக் கருவி ஒன்றுக்காகச் செய்த விளையாட்டு அது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும் வந்தது. அப்போது வாங்க ஆளில்லை. இப்போது கருவியில் செருகும் அதன் கேசட்டைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். நீ ஒரு பயணி. இருண்ட நாட்டைக் கடந்து கடலோர விளக்கு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் நெருப்பு மூட்டி உட்காரும் இடமெல்லாம் ஒரு நிழல் வந்து பசிக்கிறது என்று கேட்கும். கொடுக்கலாம், மறுக்கலாம். மறுத்தவர்களை அந்த விளையாட்டு மறப்பதில்லையாம்.

"எல்லாம் ரெண்டு வரி புரோகிராம்டா," என்றான் பிரேம். "வெச்சிடு. அந்தக் கேசட் வெச்சிருக்கற ஆண்ட்டி வீட்டுக்கு மேல போறேன்."

நகைக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே குறுகலான மரப்படி. ஏறஏறத் தெருவின் இரைச்சல் யாரோ கதவை மெல்லச் சாத்துவதுபோல் குறைந்துகொண்டே வந்தது. மேலே போனபோது தன் மூச்சு மட்டும்தான் அவனுக்குக் கேட்டது.

கதவைத் திறந்த புஷ்பராணிக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகியும் அந்தப் பேச்சு நாக்கில் அப்படியே இருந்தது.

"வாங்கோ தம்பி. நனைஞ்சு போனியள். இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்."

"வேணாம் ஆண்ட்டி. வேலைய முடிச்சிடறேன்."

"ஒரு வடையாவது?"

"வேணாம் ஆண்ட்டி, சாப்ட்டுதான் வந்தேன்." பொய்தான். அவசரத்தில் வந்த சின்னப் பொய்.

கருவி இருந்த இடத்தைப் பார்த்து அவன் திகைத்தான். சாமி மாடத்தில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், பள்ளிச் சீருடையில் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். அதன் முன்னால் சின்ன எவர்சில்வர் தட்டில் சோறும் கறியும். தட்டின் அருகில், மல்லிகைச் சரம் சுற்றிய சாம்பல் நிறக் கருவி.

"என்ர மகள் மதுரா," என்றார் புஷ்பராணி. "இதை விளையாடிக்கொண்டு இருக்கேக்கைதான் காய்ச்சல் கூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. திரும்பி வரேல்லை. அவ விட்ட இடம் இதுக்குள்ள அப்பிடியே இருக்கு. ஒவ்வொரு நாளும் விளக்கு வைச்சிட்டு, இதைத் திறந்து அவவை ஒருக்காப் பாத்திட்டு மூடுவன். வேற ஒரு பொத்தானையும் அமத்த மாட்டன். அமத்தினா அழிஞ்சு போயிடுமெண்டு பயம்."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்பக் கொஞ்ச நாளா படம் நடுங்குது தம்பி. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான். என்னெண்டு பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் ஆசைப்பட்ட மாதிரி விளையாடியும் பாருங்கோ. ஆனா சேமிச்சு வைக்கிற முதல் இடம் அவவின்ர. அதைத் தொடாதேங்கோ."

பிரேமுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. அந்தக் காலத்துக் கேசட்டுகளுக்குள் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று இருக்கும். சேமித்து வைத்ததைக் காப்பது அதுதான். அது சாகப்போகிறது. செத்தால் மதுராவின் பயணி சுவடில்லாமல் போய்விடுவாள். பேட்டரியைக் கழற்றி மாற்றினாலும் அதே கதிதான். இதை எப்படி அந்தத் தாயிடம் சொல்வது?

விளையாடிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டான்.

"நான் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போட்டு வாறன். நீங்கள் ஆறுதலா விளையாடுங்கோ." முன்பின் தெரியாத ஒருவனை நம்பி வீட்டை விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பிரேம் பழைய சோபாவில் உட்கார்ந்து கருவியை இயக்கினான். முதல் இடத்தில் மதுரா என்ற பெயர் மங்கலாக நடுங்கியது. அதைத் தொடாமல் காலியாக இருந்த இன்னொரு இடத்தில் புதிதாகத் தொடங்கினான்.

மோசமில்லை. ஆனால் ஆகா ஓகோ என்று சொல்லவும் ஒன்றுமில்லை. கட்டம் கட்டமான மரங்கள், தகர டப்பா இசை. முதல் நெருப்பு வந்தது. மரத்தின் பின்னாலிருந்து முகமில்லாத கறுப்பு உருவம் ஒன்று வந்து நின்றது.

'எனக்குப் பசிக்கிறது. உன் பங்கில் கொஞ்சம் தருவாயா?'

உணவைக் கொடுத்தால் வேகம் குறையும். பிரேம் 'இல்லை' என்பதை அழுத்தினான். உருவம் திரும்பிப் போயிற்று. இரண்டாவது நெருப்பிலும் வந்தது. அதே கேள்வி. அதே பதில்.

"இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்று வாய்விட்டே சொன்னான்.

வெளியே மேகம் கறுத்தது. சன்னல் பலகைகளின் இடுக்கில் விழுந்துகொண்டிருந்த வெளிச்சம் ஒவ்வொரு கீற்றாக அணைந்தது. மல்லிகை வாசத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாசம் கிளம்பியது. ஆஸ்பத்திரித் தரையைக் கழுவும் மருந்து வாசம். அதோடு ஈரத் துணியின் வாசம்.

மூன்றாவது நெருப்பு.

உருவம் இந்த முறை மரத்தின் பின்னாலிருந்து வரவில்லை. ஏற்கெனவே பயணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

'நீங்களும் இல்லையெண்டு சொல்லுறியளோ?'

பிரேமின் விரல் அந்தரத்தில் நின்றது. இந்த விளையாட்டு முழுக்கப் பாடப்புத்தகத் தமிழில்தான் பேசும்.

'அம்மாவும் ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறா. பாத்திட்டு மூடிப்போட்டுப் போறா.'

'இருட்டா இருக்கு.'

'பசிக்குது.'

மாடத்தின் பக்கம் ஓர் ஓசை. எவர்சில்வர் தட்டை யாரோ விரல் நகத்தால் வழிப்பது போல. சர்ர்ர். நிறுத்தி, மறுபடி. சர்ர்ர்.

அவன் தலையைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை.

சோபாவின் மறுமுனை மெல்ல அமிழ்ந்தது.

யாரோ உட்காருவதுபோல. பாரம் அதிகமில்லை. ஒரு சிறுமியின் பாரம்.

குளிர் அவன் இடது தோளில் தொடங்கிக் காதுவரை ஏறியது. அந்தக் குளிருக்குள் ஒரு மூச்சு இருந்தது. கருவியைச் சோபாவிலேயே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினான். படியில் பாதி இறங்கியபோது எதிரே நனைந்த குடையோடு புஷ்பராணி வந்துகொண்டிருந்தார்.

அவன் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையிலிருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசினார். அந்த விரல்களின் சூடு பட்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவரிடம் ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக் குடிக்கக்கூட நேரமில்லை என்று சொன்னோமே என்று ஏனோ அப்போது தோன்றியது.

பார்த்ததையும் படித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான். பேட்டரியைப் பற்றியும் சொன்னான். புஷ்பராணி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அதே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தட்டு வழிக்கிற சத்தம் எனக்கும் கேக்கிறது தம்பி. எலியெண்டு நினைச்சன்." ஈரக் குடையை மடியில் சாய்த்துக்கொண்டார். "அவ விட்ட இடம் ஒரு குகை. முன்னால அந்தக் கறுப்பு உருவம் நிக்கும். பசிக்குது, பங்கு தருவியோ எண்டு கேக்கும். நான் பதில் சொல்லாம மூடிப்போடுவன்."

அவர் மேலே தன் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

"படத்துக்கு முன்னால நாள் தவறாம சோறு வைக்கிறன். கேட்ட இடத்தில குடுக்கேல்லையே தம்பி."

இருவரும் மேலே ஏறினார்கள். வீடு இருண்டிருந்தது. புஷ்பராணி விளக்கை ஏற்றினார். சோபாவில் கருவி கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு குழி. கண் முன்னாலேயே அந்தக் குழி மெல்ல நிமிர்ந்து சமமாயிற்று.

எழுந்துவிட்டாள். எழுந்து எங்கே நிற்கிறாள்?

"திறக்கிறேன் ஆண்ட்டி. ஆனா நடுவுல பேட்டரி போச்சுன்னா எல்லாம் போயிடும். திறக்காம விட்டாலும் இன்னிக்கோ நாளைக்கோ போயிடும். நீங்கதான் சொல்லணும்."

புஷ்பராணி மகளின் படத்தைப் பார்த்தார். "திறவுங்கோ."

திரை நடுங்கியது. குகை. மூலையில் குந்தியிருக்கும் சின்னப் பயணி. அவள் எதிரே கறுப்பு உருவம்.

'எனக்குப் பசிக்கிறது. உன் பங்கில் கொஞ்சம் தருவாயா?'

பையில் மிச்சம் ஒரே ஒரு ரொட்டி. திரையில் கோடுகள் ஓடின. பயணியின் தலை ஒரு கணம் காணாமல் போய்த் திரும்ப வந்தது.

"ஆண்ட்டி, சீக்கிரம்."

கிழவியின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது. இத்தனை வருடம் பூப்போலக் காத்ததைத் தொடும் தைரியம் அந்த விரலுக்கு வரவில்லை.

தட்டை வழிக்கும் ஓசை மாடத்தில் தொடங்கியது. சர்ர்ர்.

கூடத்துக்கு வந்தது.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"அம்மா."

அது பிரேமுக்கும் கேட்டது.

"இந்தா பிள்ளை, சாப்பிடு," என்று சொல்லிக்கொண்டே புஷ்பராணி 'தருகிறேன்' என்பதை அழுத்தினார்.

ரொட்டி மறைந்தது. கறுப்பு உருவம் தலை குனிந்தது, கரைந்தது. குகையின் வாசல் திறந்தது. பிரேம் வழி சொல்லச் சொல்ல, புஷ்பராணி தன் மகளைக் கைப்பிடித்து நடத்துவதுபோல ஒவ்வோர் அடியாக நடத்திப் போனார். காடு முடிந்தது. மணல் வந்தது. கடல். அதன் கரையில் விளக்கு வீடு. கதவருகே போனதும் மாடியில் மஞ்சள் வெளிச்சம் ஏறியது. பயணி உள்ளே போய் மேசை முன்னால் உட்கார்ந்தாள். யாரோ அவளுக்கு ஒரு தட்டு வைத்தார்கள்.

ஒரு நொடி அவள் திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது. திரை இருண்டது. மறுபடி எவ்வளவு அழுத்தியும் வரவில்லை.

புஷ்பராணி அழவில்லை. கருவியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பின்னால் எந்த ஓசையும் இல்லை. மருந்து வாசமும் போய், மல்லிகை மட்டும் மணத்தது.

"தேத்தண்ணி போடட்டோ தம்பி?"

"போடுங்க ஆண்ட்டி. வடை இருந்தா ரெண்டு குடுங்க."

மறுநாள் மாலை, மார்சிலிங்கில் உள்ள தன் அடுக்குமாடி வீட்டில் தனியாக உட்கார்ந்து பிரேம் தன் தீர்ப்பைப் பதிவு செய்தான். அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. கரைவிளக்கு வாங்கிய பேர் நியாயமானதுதானா என்ற கேள்விக்கு இவ்வளவுதான் சொன்னான். "ஓவியம் சுமார், இசை சுமார். ஆனா பசின்னு கேட்டவங்களுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு அது ஞாபகம் வெச்சிருக்கு. அதுக்காகவே அந்தப் பேரு அதுக்குத் தகும்."

பதிவை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ஜெய் அழைத்தான்.

"நல்லா இருக்குடா. என்ன திடீர்னு சாமியாராயிட்ட? ஆனா ஒண்ணு. பசிச்சா சாப்ட்டு வந்து ரெக்கார்ட் பண்ண வேண்டியதுதானே லா."

"என்னது?"

"நடுநடுவுல பசிக்குது பசிக்குதுன்னு முனகறியே. மூணு எடத்துல வெட்டிட்டேன்."

பிரேம் சோபாவின் மறுமுனையைப் பார்த்தான். புஷ்பராணியின் மகள் கரை சேர்ந்துவிட்டாள். ஆனால் இன்னொரு இடத்தில், அவன் புதிதாகத் தொடங்கிய பயணத்தில், நெருப்பருகே வந்து வந்து கேட்ட ஒன்றுக்கு அவன் இல்லை என்றே சொல்லியிருந்தான். கடைசியாகப் பேசியவள் மதுரா என்றால், அதற்கு முன் இரண்டு முறை கேட்டது வேறு யாரோ.

அது யார்?

தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். ரொட்டியில் காயா என்ற தேங்காய் ஜாமைத் தடவினான். இரண்டு தட்டில் வைத்தான். ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மற்றதைச் சோபாவின் மறுமுனையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தான். கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அது கேட்கவில்லை.

சோபா மெல்ல அமிழ்ந்தது.

"மன்னிச்சிடு," என்றான் பிரேம், திரும்பாமல். "சாப்பிடு."

தட்டு நகரும் ஓசை கேட்டது.