மீட்கப்படாத ஏகாம்பரம்

ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டுக் கடைசி நாளன்று செவ்வாய்க் கிரகத்தில் பாதிப் பேர் வேலைக்குப் போகமாட்டார்கள். குளித்துச் சாப்பிட்டு, நல்ல சட்டை போட்டு, அதன்மேல் விண்ணுடையை மாட்டிக்கொண்டு, பைக்கை வெளியே ஓட்டிப்போய்க் கெடுப்பார்கள்.

"அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கங்க. படத்துல காலர் மட்டும்தான் தெரியும், இருந்தாலும் பளிச்சுனு இருக்கும்" என்றாள் மனைவி செண்பகவல்லி.

ஏகாம்பரம் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

குடியேறிய காலத்தில் அந்தச் சங்கம் விளையாட்டல்ல. செவ்வாயில் பைக் வெறும் வண்டி இல்லை. வெளியே இருக்கும் மெல்லிய காற்றை உறிஞ்சி, மூச்சு விடத் தகுந்ததாக மாற்றி, ஓட்டுபவரின் மூச்சுப்பையை நிரப்பிக்கொண்டே ஓடும் இயந்திரம். நடுவழியில் அது செத்தால் பையில் மிச்சமிருப்பதுதான் ஆயுள். அப்படிச் சிலர் புழுதியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்த பிறகு, மற்றவர்கள் பயந்துபோய்ச் சங்கம் வைத்தார்கள். கூப்பிட்டால் மீட்பு ஊர்தி வரும். உள்ளேயிருந்து மீட்பன் என்ற எந்திரன் இறங்கி வந்து காப்பாற்றும்.

பிறகு தன் விரிசலைத் தானே தைத்துக்கொள்ளும் பைக்குகள் வந்துவிட்டன. பழுது என்பதே அபூர்வமாகிவிட்டது. ஆனால் பயத்தை யார் ரத்து செய்வார்கள்? எல்லோரும் சந்தா கட்டிக்கொண்டே இருந்தார்கள். சங்கமும் சும்மா இருக்க முடியாமல் சலுகைகளைக் கூட்டிக்கொண்டே போனது. மீட்கப்படுபவருக்கு நிழற்கூடாரம், இஞ்சி டீ, கால் பிடித்துவிடுதல், கடைசியில் ஒரு மீட்புப் படம். ஆண்டுக்கு ஒரு மீட்பு. பயன்படுத்தாவிட்டால் காலாவதி.

ஏகாம்பரத்தின் சகலை புருஷோத்தமன் வீட்டுக் கூடத்தில் வரிசையாக மீட்புப் படங்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் புருஷோத்தமன் மரணத்தின் வாயிலிருந்து மீண்டவரைப் போலக் களைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார். ஏகாம்பரம் வீட்டுச் சுவர் மொட்டையாக இருந்தது. விசேஷங்களில் அவரைப் பார்த்து, "பாவம், இவரு வண்டி நிக்கவே நிக்காது" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

"வருஷா வருஷம் சந்தா கட்டுறேன். என் காசுல ஊரே டீ குடிக்குது. நான் மட்டும் என்ன இளிச்சவாயனா?" என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வடக்குச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து நிறுத்தினார். இருக்கைக்கு அடியில் இரண்டு வயர்கள் உண்டு. ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று மூச்சுப்பைக்கு. எதைப் பிடுங்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். சக்கரத்தினுடையதைப் பிடுங்கிவிட்டுச் சங்கத்தை அழைத்தார். நெடுநேரம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார்.

ஊர்தி வந்தது. மீட்பன் கூடாரம் விரித்து, நாற்காலி போட்டு, "பயப்படாதீர்கள் ஐயா, நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள்" என்று சொல்லி டீயை நீட்டியது. கூடாரத்துக்குள் நல்ல காற்று. ஏகாம்பரம் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். வெளியே ரோஜா நிற வானமும், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன விளக்குப் போன்ற சின்னச் சூரியனும் இருந்தன. இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டோமே என்று வயிறு எரிந்தது.

அப்போதுதான் மடியில் இருந்த ஹெல்மெட் பேசியது. அவர் மகள் நறுமுகை. பனிச் சுரங்கத்தில் பகல் வேலை முடிந்து இதே சாலையில் வந்துகொண்டிருந்தவள்.

"அப்பா, வண்டி நின்னுடுச்சு. நிஜமாவே. மேட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடியே பாறை மேல ஏறி, தானா தைச்சுக்க முடியாத அளவுக்கு அடிவயிறு கிழிஞ்சிடுச்சு. காத்து ஏற மாட்டேங்குது."

"சங்கத்துக்குக் கூப்பிட்டியாம்மா?"

"கூப்பிட்டேன். எல்லா ஊர்தியும் மீட்புல இருக்காம். வரிசையில நிக்கச் சொல்றாங்கப்பா." மூச்சைச் சேமிக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

ஏகாம்பரம் டீயைக் கீழே போட்டார். "இந்தா, கூடாரத்தைச் சுருட்டு. மேட்டுக்கு அந்தப் பக்கம் என் பொண்ணு கிடக்குறா. உடனே போ!"

"உங்கள் மீட்பு இன்னும் முடியவில்லை ஐயா. கால் பிடித்துவிடுவது பாக்கி இருக்கிறது."

"என் வண்டிக்கு ஒண்ணும் இல்லடா! நான்தான் வயரைப் பிடுங்கினேன்!"

"அதிர்ச்சியில் பலரும் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள்" என்ற மீட்பன் அவர் தோளைச் சுற்றி ஒரு கம்பளியைப் போர்த்தி, காலைப் பிடிக்கக் குனிந்தது.

அதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டி, வயரைச் சொருகி, கம்பளி பறக்க வண்டியை விரட்டினார். ஓட்டிக்கொண்டே பொது அலைவரிசையைத் திறந்தார்.

"கேக்குறீங்களா எல்லாரும்? என் பொண்ணு மூச்சுக்குத் தவிக்குறா. பொய்யா கூப்பிட்டு உக்காந்திருக்கிறவங்க ரத்து பண்ணுங்க. ஒரு ஊர்தி போதும்!"

யாரோ ஒருவர், "எனக்கு நிஜமாவே ரிப்பேர்ங்க" என்றார். "எனக்கும்தான்" என்றது இன்னொரு குரல். "வேற யாராவது ரத்து பண்ணுவாங்க சார், பதறாதீங்க" என்று ஒரு பெண் ஆறுதல் சொன்னாள்.

"மனுஷங்களாடா நீங்க?" என்று அலறினார் ஏகாம்பரம்.

மேட்டைத் தாண்டியதும் சாலை ஓரம் நெடுகக் கூடாரங்கள். கண்ணாடிச் சுவருக்குள் ஆண்களும் பெண்களும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கூடாரத்திலிருந்து புருஷோத்தமன் டீக் குவளையை உயர்த்திக் காட்டினார். அவர் குரல் ஹெல்மெட்டில் கேட்டது.

"என்ன சகலை, வண்டி ஓடுதா? அடப் பாவமே! இந்த வருஷமும் போச்சா?"

"எந்திரிய்யா! நறுமுகைக்கு வண்டி நின்னுபோச்சு!"

"நம்ம நறுமுகைக்கா? இரு இரு, படம் எடுத்துட்டு இருக்காங்க. முடிஞ்சதும் அனுப்பிடறேன்."

ஏகாம்பரம் நிற்கவில்லை. சகலையின் பரம்பரையையே வைதுகொண்டு போனார்.

நறுமுகை கிழிந்த வண்டியில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சுப்பை விளக்கு சிவந்து துடித்துக்கொண்டிருந்தது. தன் வண்டியின் குழாயை இழுத்து அவள் பையில் சொருகினார். முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. சிவப்பு மஞ்சளாகி, மெல்லப் பச்சையானது. அவள் இருமினாள். அவர் அவளுடைய ஹெல்மெட்டோடு தன் ஹெல்மெட்டை ஒட்டிவைத்துக்கொண்டு அழுதார்.

"சரிப்பா, சரிப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு, "ஆமா, நீங்க எதுக்கு இந்தப் பக்கம் வந்தீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா, காத்து வாங்க."

செவ்வாயில் யாரும் காற்று வாங்க வெளியே போவதில்லை. அவள் அப்பாவின் தோளில் கிடந்த சங்கத்துக் கம்பளியைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையிலிருந்து தப்பவோ என்னவோ, ஏகாம்பரம் சங்கத்தின் குறைகேட்கும் பிரிவை அழைத்தார். எடுத்தது ஒரு மனுஷி என்று தெரிந்ததும் தொண்டை கிழியக் கத்தினார். "உயிர் போற பொண்ணை வரிசையில நிக்க வைப்பீங்களா? டீ ஆத்துறதுக்கா சங்கம் வச்சீங்க? கொலைகாரக் கூட்டம்!"

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். மன்னிப்புக் கேட்டாள். விசாரணை நடக்கும் என்றாள்.

"அப்புறம் சார், நீங்க பாதியில எழுந்து வந்துட்டதால உங்க மீட்பு பதிவாகல. அதையும் சொல்லிடறேன்."

ஏகாம்பரம் மூச்சு வாங்கினார்.

"பதிவாகலையா? அப்ப, என் பேர்ல இன்னும் இருக்கா?"

"இருக்கு சார்."

"அடுத்த வருஷத்துக்குச் சேருமா?"

"சேராது சார். இன்னிக்கு சூரியன் மறையுறதோட காலாவதி ஆயிடும்."

மேற்கே சூரியனைச் சுற்றி நீலம் பரவத் தொடங்கியிருந்தது. நறுமுகை தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன அநியாயம்! கேக்குறதுக்கு ஆளே இல்லையா?" என்று, சற்றுமுன் மகளுக்காகக் கத்தியதைவிட உரக்கக் கத்தினார் ஏகாம்பரம்.