எடுப்பு மொய்

முப்பத்தோராயிரத்து அறுநூற்று நாற்பது மிதப்பு. சந்தனமாரி ஊருக்குக் கட்ட வேண்டிய பாக்கி அன்று காலை அவ்வளவு. கதவுக்கு மேலே பச்சை வெளிச்சத்தில் அந்த எண் எரிந்துகொண்டிருந்தது. கண் விழித்ததும் வீட்டார் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பல் விளக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

தூக்கணாம்பட்டி, வெள்ளிக் கோளின் மேகத்துக்குள் தொங்கும் ஊர். மேலே மலை போல ஊதிய ஒரு மிதவைக்கூடு, அதன் அடியில் வரிசை வரிசையாக வீடுகள். கீழே ஈயம் உருகும் சூடு. தரையைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. மேலேயும் மேகம், வானத்தைக் கண்டவரும் இல்லை. மஞ்சள் பாலுக்குள் கிடப்பது போல மிதந்தபடி, நான்கு நாளுக்கு ஒரு தடவை ஊர் கோளைச் சுற்றி வரும்.

அங்கே காசுக்குப் பெயரே மிதப்பு. ஒரு கிராம் எடையை ஓர் ஆண்டு தாங்கிப் பிடிக்கும் கூலி ஒரு மிதப்பு. வீட்டின் தரைதான் தராசு. உடம்புக்கு வரி கிடையாது, தரை அதைத் தானே கழித்துக்கொள்ளும். வரி உடைமைக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை ஒரு திருகாணியைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டு வந்தால், நிலைப்படி தாண்டும்போதே கதவு எண் ஏறிவிடும். சந்தனமாரியின் மகள் கோமு தினமும் ஏற்றினாள்.

அந்த வருடம் கூட்டின் மேல் அமிலப் பொருக்கு கனத்துப்போய், ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. வரியில்லாமல் வீட்டுக்கு அனுமதித்த எடை அளவை நிர்வாகம் ஒரே வெட்டாகப் பாதியாக்கியது. சந்தனமாரி அந்தப் பொருக்கைச் சுரண்டுகிறவள். முகமூடி மாட்டிக் கயிற்றில் தொங்கி, பகல் முழுக்க ஊரின் பாரத்தைச் சுரண்டித் தள்ளிவிட்டு வருவாள். வரும்போது இரண்டு தோளும் வலியெடுத்து, யாரோ கடன் கொடுத்தது போல இருக்கும். வீட்டு வாசலில் நின்றால், சொந்தப் பாரம் தலைக்கு மேலே எரியும்.

மாதக் கடைசிக்குள் பாக்கியைத் தீர்க்காத வீட்டைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கீழ்வரிசையில் மாட்டிவிடுவார்கள். கீழ்வரிசையில் சுவரைத் தொட்டால் கை சுடும். கோமுவுக்கு இளைப்பு உண்டு. போன வருடம் அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கியதற்கே பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அதனால் சந்தனமாரிக்குக் கணக்கு ஒன்றுதான்: வீடு லேசாக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கு மூச்சு இருக்காது.

விடுமுறை நாளில் சாமான்களை எல்லாம் நடுவீட்டில் குவித்தார்கள். வீடு பொருட்காட்சி மாதிரி ஆயிற்று. கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்கள் மட்டும் ஏழு, ஆறு இன்னும் பெட்டி பிரிக்காதவை. சின்னவன் பாண்டிக்குச் சிறுத்துப்போன சட்டைகள். மூடி தொலைந்த டப்பாக்கள், டப்பா தொலைந்த மூடிகள். கணவன் ஆவுடையப்பன் ஒரு சாக்கை மட்டும் காலுக்கடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டான்.

"அது என்ன சாக்கு?"

"ஒயருல்லா."

"இத்தன ஒயரும் எதுக்குன்னு கேக்கேன்?"

"ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் ஒதவும்."

"என்னைக்கு?"

"தூரப் போட்டதுக்கு மறுநாள்." ஆவுடையப்பன் சிரித்தான். "ஒன் டப்பாவ முதல்ல சொல்லு. மூடியே இல்லாததுக்குள்ள எத வச்சு மூடப் போற?"

"அது அரிசி போட."

"நம்ம ஊருல அரிசி எங்கன வெளையுது?"

கோமு எதிலும் சேரவில்லை. சன்னலோரம் ஒரு பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே திருகாணிகள், தேய்ந்த உருளைகள், விரிசல் விட்ட முகமூடிக் கண்ணாடி, கையிழந்த ஒரு பொம்மை. ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். தூங்குமுன் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுவாள். பெட்டி ஐந்து கிலோவுக்குக் குறையாது.

தெரு முனையில் கீழ்வாய் என்று ஒரு துளை உண்டு. மூடியைத் திறந்து விட்டால் பொருள் மேகத்துக்குள் அமிழ்ந்து, நெடுநேரம் விழுந்து, பாதி வழியிலேயே கரைந்துவிடும். கூலி கிடையாது, கேள்வி கிடையாது. ஆனாலும் தன் வீட்டுச் சாமானை அதில் போட அந்த ஊரில் ஒருவருக்கும் கை வந்ததில்லை. துளை வரைக்கும் கொண்டுபோய், குனிந்து பார்த்து, திரும்பக் கொண்டுவந்தவர்கள்தான் அதிகம். இதற்கு ஊர் கண்டுபிடித்த வழிதான் எடுப்பு மொய்.

விசேஷ வீட்டுக்கு வருகிறவர்கள் அங்கே எதையும் கொடுப்பதில்லை. சாப்பிட்டு, பிள்ளையை வாழ்த்திவிட்டு, ஆளுக்கு ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கனக்கிறது என்று முகம் சுளிக்கக் கூடாது. "என் வீட்டுல இருந்தாலும் ஒன் வீட்டுல இருந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். மறுபடி அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள் போய் எடுக்க வேண்டும். அளவைப் பாதியாக்கிய அந்த மாதம், தெருவுக்குத் தெரு விசேஷம். ஏற்கெனவே காது குத்திய பிள்ளைக்கு இன்னொரு தடவை குத்தினார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு எழுபது கொண்டாடினார்கள்.

சந்தனமாரி பாண்டிக்குக் காதுகுத்து வைத்தாள். பருப்புக் களி, பாசிக் கூட்டு, பாயசம். வந்தவர்கள் வாய் நிறைய வாழ்த்தினார்கள், கை நிறைய எடுத்தார்கள். கடிகாரங்கள் ஒவ்வொன்றாக வாசல் தாண்ட, எண் சறுக்கிச் சறுக்கி இறங்கியது. ஆவுடையப்பன் பாயச வாளியோடு உள்ளே போயிருந்த நேரம் பார்த்து, அவனுடைய சாக்கை ஒருவர் கையில் திணித்துவிட்டாள் சந்தனமாரி. திரும்பி வந்தவன் சாக்கு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பந்தி முடிந்தபோது கதவில் ஐயாயிரத்துச் சொச்சம் நின்றது. வீட்டில் மிச்சம் இருந்தவை அடுப்பு, பாய், நாலு தட்டு, கோமுவின் பெட்டி. கடைசியாக எழுந்தவள் அடுத்த வீட்டு லூர்தம்மா. சந்தனமாரி மகளின் பக்கம் பார்க்காமல் பெட்டியைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.

"அய்ய, பிள்ளை சாமானுல்லா மாரி?"

"எடுங்க மதினி. கீழ்வரிசைக்குப் போனா இவளுக்கு ஆகாது."

லூர்தம்மா பெட்டியை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டாள். பிறகு, "என் வீட்டுல இருந்தாலும் ஒன் வீட்டுல இருந்த மாதிரிதான் கோமு," என்றாள்.

"கண்ணாடிய மேல வைங்கத்தை. அதுக்கு இருட்டுன்னா பயம்," என்றாள் கோமு.

 போன வாரம் லூர்தம்மா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சந்தனமாரி எடுத்தது ஒரு மரத்தொட்டில். வாங்கும்போது கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெரு முனை வந்ததும் கீழ்வாயைத் திறந்து விட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மனம் ஒரு நூல்கூட அசையவில்லை. அடுத்தவர் தொட்டில்தானே. அவளுடைய கடிகாரங்கள் இப்போது எங்கே விழுந்துகொண்டிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும்.

எண் எண்ணூற்றுச் சொச்சத்தில் நின்றது. அதை இரண்டு வாரக் கூலியில் அடைத்துவிடலாம். ஆனால் கெடுவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் கோமு லூர்தம்மா வீட்டுக்குப் போய்விட்டு உடனே திரும்பினாள். அழவில்லை.

"பெட்டி அங்க இல்லம்மா."

"எங்கயாவது உள்ள எடுத்து வச்சிருப்பாவ."

"அவுக வீட்டுல உள்ளன்னு ஒண்ணும் இல்ல. பாயும் அடுப்புந்தான் இருக்கு." கோமு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "கீழ்வாய்ல போட்டுட்டாவ, என்ன?"

சந்தனமாரி முகமூடியை எடுத்து மாட்டினாள்.

"நீயும் எல்லார் வீட்டுதயும் அப்படித்தான் போடுவியாம்மா?"

முகமூடிக்குள் இருப்பவள் எதைக் கேட்டாள், எதைக் கேட்கவில்லை என்று வெளியே தெரியாது. அது ஒரு வசதி.

ஊர் அப்போது கோளின் இருட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. சந்தனமாரி கூட்டின் உச்சியில் விளக்கு வெளிச்சத்தில் சுரண்டிக்கொண்டிருந்தாள். முகமூடிக் கண்ணாடியில் ஒரு புள்ளி மின்னியது. அமிலத் துளி என்று புறங்கையால் துடைத்தாள். போகவில்லை. பக்கத்தில் இன்னொன்று. துடைத்தாள். பத்தாகி, நூறாகி, கண்ணாடி முழுக்கப் பொரி சிதறினாற்போல ஆயிற்று. அப்புறம்தான் அது கண்ணாடியில் இல்லை என்று அவளுக்கு உறைத்தது. மஞ்சள் பால் இடுப்புக்குக் கீழே இறங்கி, தரை போலப் பரந்து கிடந்தது. மேலே முடிவில்லாத கறுப்பு. அவள் விளக்கை அணைத்தாள். தோள் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஒன்று மட்டும் நீலமாக, மற்றதைவிடப் பெரிதாக எரிந்தது. முன்னோர் புறப்பட்டு வந்த பூமி அதுதான் என்று பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வீடுகளும் மேகத்துக்கு மேலே வந்திருந்தன. கோமு, பெட்டி இருந்த வெற்று மூலையில் குப்புறப் படுத்து, மோவாயைச் சன்னலில் ஊன்றியிருந்தாள். பாண்டி அவள் முதுகின் மேல் படுத்திருந்தான். சந்தனமாரியும் பக்கத்தில் நீட்டிப் படுத்தாள். ஆவுடையப்பனுக்கும் இடம் இருந்தது. அந்த வீட்டில் நான்கு பேர் சேர்ந்து கால் நீட்டிப் படுத்தது அதுதான் முதல் தடவை. கோமுவுக்கு மூச்சு இளைப்பதுகூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு புள்ளியாகக் காட்டிப் பெயர் வைத்துக்கொண்டே போனாள்.

"இதுக்கெல்லாம் வரி கிடையாதுல்லாப்பா?"

"கிடையாதுட்டி. வச்சுக்கோ," என்றான் ஆவுடையப்பன்.

நிர்வாகத்துக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒவ்வொருவரும் அடுத்தவர் சாமானை மனக்குறையில்லாமல் கீழே விட்டதில், ஊரே காலியாகி, போக வேண்டிய உயரத்தைத் தாண்டிப் போய்விட்டது. மேலே காற்று மெலிசு. கூடு விம்மியது, தையல்கள் முனகின. இன்னும் ஏறினால் வெடிக்கும். ஒலிபெருக்கி அலறியது: மிதப்புப் பாக்கி அத்தனையும் தள்ளுபடி செய்யப்படும், பதிலுக்கு ஒவ்வொரு குடும்பமும் எட்டுக் கிலோ எடையை உடனே வீட்டில் ஏற்ற வேண்டும்.

பக்கத்தில் தனி மிதவையில் நிற்கும் ஆலையின் வாசலில், கசடைக் கட்டியாக வார்த்து அடுக்கினார்கள். யாரும் தொடவில்லை. "இப்பத்தான் வீட்ட ஒதுக்குனோம், கல்லக் கொண்டாந்து எங்கன வைக்க?" என்று லூர்தம்மா அதிகாரியின் முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஊர் நலன் என்றார், உயிர் என்றார். கதவுகள் சாத்திக்கொண்டன.

அலுவலகத்தில் யாரோ ஒரு கெட்டிக்காரர் இருந்திருக்க வேண்டும். அடுத்த வேளைக்குள் அதே கசடை யானை உருவத்தில் வார்த்து, சிவப்பும் பொன்னும் பூசி, கண்ணாடித் தாளில் சுற்றினார்கள். மேலே பலகை வைத்தார்கள்: 'இலவசம். குடும்பத்துக்கு ஒன்று மட்டும். இருப்பு உள்ளவரை.'

வரிசை மூன்று தெருவுக்கு நீண்டது.

"தள்ளாதீக, எல்லாருக்கும் உண்டு!"

"எனக்குத் தும்பிக்கை தூக்குனது வேணும். எறங்குனது வீட்டுக்கு ஆகாது."

"மதினி, நாங்க தனி அடுப்பு, எங்களுக்குத் தனியா ஒண்ணு எழுதச் சொல்லுங்க!"

லூர்தம்மா முன்வரிசையில் நின்றாள். சந்தனமாரி அவளுக்கும் முன்னால் நின்றாள். ஆவுடையப்பன் இன்னொரு வரிசையில் வேறு பெயரில் நின்றான்.

முதல் யானையை அவள் வீட்டுக்குள் கொண்டுவந்தபோது கோமு மூலையிலிருந்து திரும்பினாள்.

"அம்மா, வேண்டாம்மா. தெருவுல ஒவ்வொருத்தரா யானையத் தூக்கிட்டு வர வர, இங்க ஒவ்வொண்ணா மறையுது."

"எது மறையுது?"

"நட்சத்திரம்."

சந்தனமாரி சன்னலைப் பார்த்தாள். கீழே கிடந்த மஞ்சள் பால் அடிச்சட்டம் வரை வந்திருந்தது.

"எட்டுக் கிலோ ஏத்தலன்னா கூடு வெடிச்சிரும்னு சொல்லுதாவள்ளா?"

"இது ஒண்ணே எட்டுக் கிலோம்மா. அப்பா எதுக்கு இன்னொண்ணுக்கு நிக்காவ?"

"ஒத்த யானை நல்லாருக்காது புள்ள. சும்மா குடுக்கான், கடனயும் தள்ளுதான், வேண்டாம்னு சொல்லவா முடியும்? செத்த நகரு. அந்த மூலதான் இதுக்கு எடுப்பா இருக்கும்."

கோமு நகர்ந்தாள். யானை மூலையில் உட்கார்ந்தது. சிறிது நேரத்தில் ஆவுடையப்பன் மூச்சு வாங்க இரண்டாவதைத் தோளில் சுமந்து வந்து இறக்கினான். "கடைசி இருப்பு. லூர்தம்மாவுக்குக் கூட ஜோடி கிடைக்கல," என்றான். இரண்டு யானைகளின் காதுக்கும் நடுவே இருந்த சந்தில் கோமு முகத்தை வைத்துப் பார்த்தாள். நீலப் புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேகம் அதன் மேலும் மூடிக்கொண்டது.

கதவுக்கு மேலே எண் அணைந்து எழுத்து வந்தது. சந்தனமாரி அண்ணாந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள்: 'நிலுவை இல்லை. முழுத் தள்ளுபடி.' பல வருடத்துப் பாரம் இறங்கினாற்போல ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு யானைகளைத் திரும்பிப் பார்த்தாள். தூசி படியும். மேலே போர்த்த இரண்டு துணி வாங்க வேண்டும்.