பதினேழாம் எண் வீட்டு விசிறி

கார்த்திகைத் தெருவின் கூரைக்கு மேலே, வெட்டவெளியில், குளிர் மைனஸ் அறுபத்து மூன்று டிகிரி. கூரைக்குக் கீழே தெருவில் பதினான்கு. பதினேழாம் எண் வீட்டுக்குள் மட்டும் முப்பத்தாறு. மதியச் சாப்பாட்டை முடித்த வெயிலுகந்தான் கதவைத் தாழிட்டார். ஸ்வெட்டரையும் பனியனையும் கழற்றிக் கொடியில் போட்டார். சுவரிலிருந்த வெப்பியை விருதுநகர்ச் சித்திரை மாத அளவுக்குத் திருகிவைத்தார். உடம்பு நன்றாக வியர்த்ததும் மின்விசிறியை ஐந்தில் ஓடவிட்டு அதற்குக் கீழே மல்லாந்து படுத்தார். செவ்வாய்க் கிரகத்தில் பதினோரு வருடமாக அவர் பகல் தூக்கம் தூங்கும் முறை இதுதான்.

விசிறிச் சத்தம் இல்லாமல் அவருக்குக் கண் மூடாது. பூமியிலிருந்து புறப்படும்போது ஆளுக்கு இருபது கிலோ சாமான் என்றார்கள். அதில் நான்கு கிலோவை இந்த விசிறிக்கே கொடுத்தவர். செவ்வாயில் அவர்கள் குடியேறிய செந்நகரின் குளிரில் வெறும் விசிறியைப் போட்டால் பல் கிட்டித்துவிடும். ஆகவே முதலில் வெப்பி, அப்புறம் விசிறி. அவருடைய அப்பா பூமியில் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிய மனிதர். மகன் அதைத் தலைகீழாகச் செய்தார், அவ்வளவுதான்.

இதிலே ஒரு சங்கடம் இருந்தது. வெயிலுகந்தான்தான் தெருவின் சிக்கனக் குழுத் தலைவர்.

செவ்வாயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தூசிக்காலம் வரும். சூரியத் தகடுகள் மேல் செம்மண் படிந்து மின்சாரம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். மருத்துவமனைக்கும் காற்றாலைக்கும் போக மிச்சம்தான் வீடுகளுக்கு. (காற்றாலை என்றால் காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது அல்ல, மின்சாரத்திலிருந்து மூச்சுக்காற்று எடுப்பது.) எல்லோரும் வெப்பியைப் பதினெட்டுக்கு மேல் வைக்கக்கூடாது என்பது விதி. மாதக்கூட்டத்தில் அதைக் கையை ஆட்டி ஆட்டி விளக்குவது வெயிலுகந்தானின் வேலை. நன்றாகவே விளக்குவார்.

அவர் சமையலறைத் திரையில் ‘அண்டைப் பக்கம்’ என்று ஒன்று இருந்தது. தெருவிலுள்ள மற்ற முப்பத்தொரு வீட்டிலும் எந்தச் சாதனம் எத்தனை மணிக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். தலைவரான வாரத்தில்தான் அது அவர் கண்ணில் பட்டது. பதவியோடு வந்த வசதி என்று நினைத்துக்கொண்டார். அதில் பதினேழாம் எண் மட்டும் கிடையாது. தலைவர் வீட்டை விட்டுவிட்டார்கள், மரியாதை தெரிந்தவர்கள் என்றும் நினைத்துக்கொண்டார்.

போன தூசிக்காலத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பத்தொன்பதாம் எண் ஜெபமணி டீச்சரைப் பிடித்தார். தினமும் விடிகாலையில் அவர்கள் வீட்டில் துணி உலர்த்தி மூன்று மணி நேரம் ஓடுகிறது. கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, “ரெண்டு பேரு இருக்க வீட்ல தெனமும் அப்பிடி என்ன துணி டீச்சர்? தெருவுக்குச் சொல்லுங்க,” என்று கேட்டார். டீச்சர் முதலில் சொல்லவில்லை. அவர் விடவில்லை. கடைசியில் டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சுரங்க விபத்துக்குப் பிறகு கணவர் தங்கராஜுக்குப் படுக்கையில் சிறுநீர் நிற்பதில்லை. விரிப்புகளைத் தினமும் துவைக்க வேண்டியிருக்கிறது.

தங்கராஜ் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவரைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை. “எனக்கு எப்பிடித் தெரியும்? விதின்னா எல்லாருக்கும் விதிதானே,” என்று வெயிலுகந்தான் இரண்டு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாம் நாளிலிருந்து பகலில் பழையபடி தூங்கினார்.

அந்தச் சம்பவத்துக்குச் சில மாதம் கழித்துத்தான் மின்வழங்ககத்தின் கடிதங்கள் வரத் தொடங்கின. ‘அன்புள்ள நுகர்வோருக்கு, தங்கள் வீட்டிலுள்ள பழைய மின்னளவனை அகற்றிப் புதிய மின்னளவன் பொருத்தும் பொருட்டு...’ என்று தொடங்கும். அவர் ‘பொருட்டு’ வரை படிப்பார். அதற்கு மேல் படித்ததில்லை. பிறகு இயந்திரன் ஒன்று கருவிப்பெட்டியோடு வாசலுக்கே வந்து கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தது. அதையும் ‘பொருட்டு’ என்ற இடத்தில் கதவைச் சாத்தி நிறுத்தினார். பதினான்கு மாதத்தில் பத்தொன்பது முறை.

காரணம் பயம். ஒவ்வொரு வீடாகப் புது மின்னளவன் மாட்டமாட்ட, அவருடைய அண்டைப் பக்கத்தில் ஒவ்வொரு வரியாக மறைந்துகொண்டே வந்தது. புதுக் கருவி தகவலையெல்லாம் நேரே மேலிடத்துக்கு அனுப்புகிறது என்று முடிவு கட்டிவிட்டார். தன் வீட்டிலும் மாட்டினால் வெப்பியும் விசிறியும் சந்திக்கு வந்துவிடும். “எங்க வீட்டு மீட்டர் நல்லாத்தான் ஓடுது. நல்லா ஓடுறதை எதுக்கு மாத்தணும்? அந்தரங்கம்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று கூட்டத்தில் பேசினார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தார்கள்.

இருபதாவது முறை இயந்திரன் தனியாக வரவில்லை. சட்டப்படி இரண்டு அண்டைவீட்டாரைச் சாட்சிக்கு அழைத்து வந்தது. மதியம் இரண்டே கால். கதவைத் தட்டும் சத்தம் கேட்டு எழுந்த வெயிலுகந்தான் விசிறியை நிறுத்தி, வியர்வை உடம்பின் மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு திறந்தார். இயந்திரனுக்குப் பின்னால் ஜெபமணி டீச்சரும் எதிர்வீட்டுக் குழாய்வேலைக்காரர் கோமதிநாயகமும் நின்றார்கள்.

“உள்ள வரலாமா அண்ணாச்சி?” என்றார் கோமதிநாயகம்.

வெப்பக்காற்று கதவு வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“சாட்சிகள் முன்னிலையில் கடிதம் முழுவதையும் வாசிக்கக் கடமைப்பட்டுள்ளேன்,” என்றது இயந்திரன். இந்த முறை கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்ததால் அதன் முகத்தில் சாத்த வழியில்லை. வாசித்தது.

“‘...புதிய மின்னளவன் பொருத்தும் பொருட்டு வேண்டுகிறோம். தங்கள் பழைய மின்னளவன், குடிபுகுந்த அன்று தாங்கள் அளித்த சம்மதத்தின்படி, வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்தின் பயன்பாட்டையும் தெருவின் மற்ற முப்பத்தொரு வீட்டுத் திரைகளுக்கும் அனுப்பி வருகிறது. அவரவர் வீடு அவரவர் திரையில் தெரியாது. இதனால் தங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த மனவேதனை குறித்த முறையீட்டை ஏற்று, புதிய மின்னளவன்களில் இதை நிறுத்திக்கொள்ள வழி செய்துள்ளோம். தங்கள் வீடு ஒன்றே இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து விரைந்து மாற்றிக்கொள்ளவும்.’”

வெயிலுகந்தான் மெல்ல இருவரையும் பார்த்தார். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பதினான்கு டிகிரித் தெருவிலிருந்து வந்தவர்கள், இரண்டு பேருமே ஸ்வெட்டர் போட்டிருக்கவில்லை. எவ்வளவு சூடான வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்து, அதற்குத் தயாராக வந்திருக்கிறார்கள்.

முகம் எரிந்தது. காது எரிந்தது. பதினோரு வருடம், முப்பத்தொரு சமையலறைகளில், மதியம் இரண்டு மணிக்கு வெப்பி முப்பத்தாறு, விசிறி ஐந்து. அவர் கையை ஆட்டிப் பேசிய ஒவ்வொரு கூட்டத்திலும் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவருக்கு.

“டீச்சர்,” என்றார். “அன்னிக்கிக் கூட்டத்துல... ஒரு வார்த்தை நீங்க திருப்பிச் சொல்லிருக்கலாமே.”

ஜெபமணி டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். “சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணாச்சி. அவரு பின்னாடி உக்காந்துருந்தாரு. அவரு மொகத்தப் பாத்தேன். இன்னொரு ஆளுக்கும் இது வேண்டாம்னு விட்டுட்டேன்.”

வெயிலுகந்தானால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. அதைக் கேட்க, முதலில் இவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த மூன்று பேரும் சீக்கிரம் வெளியே போய்விட்டால் போதும் என்றிருந்தது.

இயந்திரன் பத்து நிமிடத்தில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியது. புதுக் கருவியின் சிறிய திரையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தது. “ஒப்பந்தம் அறுபத்து நான்கு பக்கம். வாசிக்கட்டுமா, தாங்களே படிக்கிறீர்களா?”

“அண்ணாச்சி, அதுல ஒம்பதாம் பக்கத்துல ஒரு கட்டம் இருக்கு, அதுல வேண்டாம்னு குறிச்சாத்தான் மத்த வீட்டுக்குப் போறது...” என்று தொடங்கினார் டீச்சர்.

அதற்குள் வெயிலுகந்தான் ‘படித்தேன், சம்மதம்’ என்ற இடத்தில் விரலை வைத்து அழுத்திவிட்டார்.

அன்று வெப்பியைப் பதினெட்டுக்குக் குறைத்தார். நாற்காலி போட்டு ஏறி, விசிறியைக் கழற்றிப் பழைய விரிப்பில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மறுநாள் மதியம் இரண்டு போர்வைக்குள் சத்தமில்லாத அறையில் விழித்தபடி கிடந்தார். தூக்கம் வராதது நியாயம்தான் என்று தோன்றியது. யாருக்கும் தெரியாமல் படுகிற தண்டனை என்பதில் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது. பத்தொன்பதாம் எண்ணுக்குப் போய் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். ஒரு வாக்கியமும் உருப்படியாக அமையவில்லை.

இரண்டரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். வாசலில் ஜெபமணி டீச்சர். இன்று ஸ்வெட்டர் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு தெருவுக்கு வந்திருந்த தங்கராஜ்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி,” என்றார் தங்கராஜ். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. “திரையில பாத்தேன். வெப்பி பதினெட்டு, விசிறி நிறுத்தம்னு வந்துச்சு. ஃபேன் ஓடாம ஒங்களுக்குத் தூக்கம் வராதேன்னு ஒரு மாதிரி ஆயிருச்சு. மாட்டித் தரட்டுமான்னு கேக்கத்தான் வந்தேன்.”